கடவுள் இருக்காரா: ஆத்திகரும் நாத்திகரும் பேசினா எங்கயாவது போய் சேருமா?

உங்க கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. நீங்க சாமி கும்பிடறவர், உங்க நெருங்கின நண்பர் நாத்திகர், கடவுள் இருக்காரா இல்லையானு பேச்சு எடுத்தாலே சண்டையில தான் முடியுது, இந்தப் பேச்சால ஏதாவது பிரயோஜனம் உண்டா இல்ல நிறுத்திக்கலாமானு கேக்குறீங்க. நிறுத்தாதீங்கன்னு தான் நான் சொல்லுவேன். ரெண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்துருவீங்கன்னு சொல்ல மாட்டேன், அது ரொம்ப அபூர்வம். ஆனா எந்தப் படியில நீங்க ரெண்டு பேரும் பிரியறீங்கன்னு சரியா கண்டுபிடிக்க முடியும், அத கண்டுபிடிச்சாலே பாதி கோபம் அடங்கிரும். எனக்கு கடவுள் நம்பிக்கை உண்டு, அத சொல்லிட்டே எழுதறேன், ஆனா ரெண்டு பக்க வாதத்தையும் பல வருஷமா படிச்சிட்டு வர்றவன், நம்ம பக்கம் எங்க வீக்கா இருக்குன்னு நினைக்கிறேனோ அதையும் ஒளிக்காம சொல்றேன்.

இதுக்கு நான் எப்பவும் காட்டுற உதாரணம் 1948 ஜனவரி 28ஆம் தேதி பிபிசி ரேடியோல வந்த உரையாடல். ஒரு பக்கம் ஃபிரடெரிக் கோப்பிள்ஸ்டன், இயேசு சபை பாதிரியார், தத்துவ வரலாற்ற பல வால்யூமா எழுதினவர். எதிர் பக்கம் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், பிரிட்டிஷ் தத்துவவாதி. ஆரம்பமே எப்படி இருக்குன்னு பாருங்க. கடவுள்னா உலகத்துல இருந்து வேறான, உலகத்த படைச்ச, நம்மள மாதிரி அறிவும் சித்தமும் உள்ள ஒரு மேலான ஒருவர்னு வச்சுக்கலாமானு கோப்பிள்ஸ்டன் கேக்குறார், ரஸ்ஸல் சரிங்கிறார். அடுத்து, அப்படி ஒருத்தர் இல்லைனு நிரூபிச்சுட முடியும்னு சொல்றீங்களா இல்ல தெரியாதுனு சொல்றீங்களானு கேக்குறார், தெரியாதுங்கிறது தான் என் நிலைனு ரஸ்ஸல் பதில் சொல்றார். அவ்வளவு தான், ரெண்டு கேள்வியில பேச வேண்டிய மைதானம் அளந்தாச்சு. நம்ம பேச்சுல இது நடக்குறதே இல்ல. நம்பறவர் மனசுல இருக்கிறது எல்லாத்துக்கும் ஆதாரமான பரம்பொருள், நாத்திகர் அடிக்கிறது கோபப்பட்டு தண்டனை கொடுக்கிற, காணிக்கை வாங்கிட்டு வரம் கொடுக்கிற ஒரு ராஜாவ. ரெண்டு பேரும் வேற வேற ஆள பத்தி மணிக்கணக்கா கத்திட்டு எழுந்து போயிடறாங்க.

அதுக்கப்புறம் கோப்பிள்ஸ்டன் வைக்கிற வாதம் லைப்னிட்ஸ்ங்கிற ஜெர்மன் தத்துவவாதி வழி வந்தது. உலகத்துல நாம பாக்குற ஒவ்வொண்ணும் இல்லாமலே போயிருக்கலாம், அது இருக்கிறதுக்கான காரணம் அதுக்குள்ளயே கிடையாது, வேற ஒண்ண சார்ந்து தான் நிக்குது, இப்படி சார்ந்து நிக்கிறதையே எத்தன கோடி அடுக்கினாலும் மொத்தத்துக்கும் காரணம் கிடைக்காது, அதனால எதையும் சாராம தன்னாலயே இருக்கிற ஒண்ணு இருந்தாகணும்ங்கிறார். ரஸ்ஸல் விடல. ஒவ்வொரு மனுஷனுக்கும் ஒரு அம்மா உண்டு, அதுக்காக மனித குலத்துக்கே ஒரு அம்மா உண்டுன்னு சொல்லுவீங்களானு கேக்குறார். கோப்பிள்ஸ்டன், நான் அந்த வரிசையிலயே இன்னொரு அம்மாவ தேடல, வரிசைக்கு வெளிய இருக்கிற வேற மாதிரி காரணத்த கேக்குறேன்ங்கிறார். ரஸ்ஸல் கடைசியா சொல்றது, பிரபஞ்சம் இருக்கு, அவ்வளவு தான். அதுக்கு கோப்பிள்ஸ்டன், செஸ் போர்டுல உக்காந்து ஒரு காய் கூட நகர்த்த மாட்டேன்னு சொல்றவர செக்மேட் பண்ண முடியாது தான்னு சொல்லிடறார்.

நான் இந்த இடத்த பல தடவை படிச்சிருக்கேன். ரெண்டு பெரிய மூளைங்க பிரியற இடம் கடவுள் கூட இல்ல, அதுக்கும் ஒரு படி முன்னாடி. "எல்லாம் ஏன் இருக்கு, ஒண்ணுமே இல்லாம ஏன் போகல" அப்படிங்கிற கேள்விய பிரபஞ்சம் முழுசையும் பாத்து கேக்கலாமா, கேட்டா அதுக்கு அர்த்தம் உண்டா, இதுதான் சண்டை. கேக்கலாம்னா ஆத்திகம் பக்கம் ஒரு பெரிய கதவு திறக்குது. அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லைனா அந்தக் கதவு இல்ல. இதுல எது சரின்னு லேப்ல டெஸ்ட் பண்ண முடியாது, ரெண்டுமே முட்டாள்தனமும் கிடையாது. உங்க நண்பர் கிட்ட இந்த ஒரு கேள்விய மட்டும் கேட்டு பாருங்க, அவர் எங்க நிக்கிறார்னு உங்களுக்கு உடனே தெரிஞ்சிரும்.

இதே வாதத்த நம்மாளுங்க தப்பா சொல்லி மாட்டிக்கிறது தான் எனக்கு வருத்தம். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் உண்டு, அதனால உலகத்துக்கும் காரணம் உண்டு, அதான் கடவுள்"னு சொன்னா, அப்ப கடவுளுக்கு காரணம் யாருன்னு அடுத்த நொடியே கேள்வி வரும், அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. சரியான வாதம் எல்லாத்துக்கும் காரணம் உண்டுன்னு ஆரம்பிக்கவே இல்ல. இல்லாமலும் போயிருக்கக்கூடியதுக்கு காரணம் வேணும்ங்கிறது ஒரு வடிவம், தோன்றினதுக்கு காரணம் வேணும்ங்கிறது அல் கஸாலி காலத்து இஸ்லாமிய கலாம் மரபுல (சமயக் கருத்த தர்க்கத்தால நிறுவற மரபு) இருந்து வந்த இன்னொரு வடிவம், இத 1979ல கிறிஸ்தவ தத்துவவாதி வில்லியம் லேன் கிரெய்க் மறுபடி எடுத்து பிரபலமாக்கினார். இந்த ரெண்டாவது வடிவத்துக்கு உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்துதுன்னு முதல்ல காட்டணும், அங்க தான் பிக் பேங்க, அதாவது பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்புல தொடங்குச்சுங்கிற கருத்த, கொண்டு வர்றாங்க.

பிக் பேங் விஷயத்துல ரெண்டு பக்கமும் நிதானமா இருக்கணும்னு நினைக்கிறேன். அந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்டவர்கள்ல முக்கியமானவர் ஜார்ஜ் லெமெய்த்ர், கத்தோலிக்க பாதிரியார், 1927ல பிரபஞ்சம் விரியுதுன்னும் 1931ல எல்லாம் ஒரு ஆதி அணுவுல இருந்து வந்துருக்கணும்னும் எழுதினார். 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியல் படைப்ப உறுதிப்படுத்துற மாதிரி பேசினப்ப லெமெய்த்ர் சந்தோஷப்படல, என் கொள்கை சமய கேள்விக்கு வெளிய நிக்குது, நாத்திகரும் தாராளமா ஏத்துக்கலாம்ங்கிற நிலையில தான் அவர் இருந்தார். ஒரு பாதிரியாரே தன் கண்டுபிடிப்ப கடவுளுக்கு சாட்சியா நிறுத்த மறுத்தார், அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிக்கும். எதிர் பக்கம் பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில், 1949ல அதே பிபிசில பேசும்போது பிக் பேங்ங்கிற பேர வச்சதே அவர் தான், நாத்திகர், பிரபஞ்சத்துக்கு தொடக்கம்னு ஒண்ணு இருந்தா அது படைப்பு வாசனை அடிக்குதுன்னு அவருக்கு அது பிடிக்கவே இல்ல. 1965ல பிக் பேங்குக்கு பெரிய ஆதாரமா, பிரபஞ்சம் முழுக்க பரவின நுண்ணலை கதிர்வீச்சு கண்டுபிடிச்சத அறிவிச்ச பிறகும் அவர் விட்டுக்கொடுக்கல. அதே ஹாயில், நட்சத்திரத்துக்குள்ள, உயிருக்கு அடிப்படையான கார்பன் உருவாகணும்னா கார்பன் அணுக்கருவுக்கு சுமார் 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்ல ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தாகணும்னு 1953ல முன்கூட்டியே சொல்லி, தேடிப் பாத்தா அது நிஜமாவே அங்க இருந்துது, பிற்காலத்துல இயற்பியல் விதிகளோட ஏதோ ஒரு பேரறிவு கை வச்சிருக்கிற மாதிரி தெரியுதுன்னு எழுதற அளவுக்கு அது அவர ஆட்டிருச்சு.

இத வச்சு நம்மாளுங்க ஜெயிச்சிட்டோம்னு குதிக்கக்கூடாது. பிரபஞ்சத்தோட மாறிலிகள், அதாவது இயற்பியல் விதிகள்ல வர்ற மாறாத எண்கள், உயிருக்கு ஏத்த மாதிரி இருக்கிறது ஆச்சரியம் தான், ஆனா ஆச்சரியத்த அளக்க எத்தன விதமான பிரபஞ்சம் வந்திருக்கலாம்னு தெரியணும், நமக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. தத்துவவாதி டேவிட் ஹ்யூம் செத்ததுக்கப்புறம் 1779ல வெளிவந்த உரையாடல் நூல்லயே இந்த அடி விழுந்தாச்சு, ஒரே ஒரு உலகத்த பாத்துட்டு உலகங்கள் எப்படி உருவாகும்னு விதி சொல்ல முடியாதுன்னு. உயிரினங்களோட கட்டமைப்ப பாத்தா வடிவமைச்சவர் ஒருத்தர் இருக்கணும்னு 1802ல பாதிரியார் வில்லியம் பேலி சொன்னது 1859ல டார்வின் வந்ததும் கிட்டத்தட்ட உக்காந்துருச்சு. கண்ணு எவ்வளவு அற்புதம் பாருங்க, அதனால கடவுள்னு இன்னிக்கும் ஆரம்பிக்கிறவங்க நம்ம பக்கத்துலயே பலவீனமான இடத்துல போய் நிக்கிறாங்க.

நம்ம ஊர் மரபுலயும் இந்த விவாதம் சாதாரணமா நடக்கல, ரொம்ப சீரியஸா நடந்துருக்கு. வேதத்த முழுசா ஏத்துக்கிட்ட மீமாம்சகர் (வேதச் சடங்குகள ஆராயற தத்துவ மரபுக்காரர்) குமாரில பட்டரே படைப்புக் கடவுள ஏத்துக்கல. படைக்கறதுக்கு முன்னாடி படைச்சவனுக்கு உடம்பு எங்கிருந்து வந்தது, கருணையால படைச்சான்னா உயிர்களே இல்லாதப்ப யார் மேல கருணை, கருணைன்னா இவ்வளவு துன்பம் எதுக்குன்னு அவர் கேட்ட கேள்வி எல்லாம் இன்னிக்கு கேட்டாலும் பதில் சொல்ல திணறணும். எதிர் பக்கம் தர்க்கத்த முதன்மையா வச்ச நியாய மரபுல உதயனர், கடவுள நிறுவறதுக்குன்னே நியாய குசுமாஞ்சலி எழுதினார். தமிழ்ல சைவ சித்தாந்தி மெய்கண்டார் சிவஞான போதத்தோட முதல் சூத்திரத்துலயே அவன், அவள், அதுன்னு சுட்டப்படற இந்த உலகம் தோன்றி நின்னு ஒடுங்குது, அதனால அத நடத்தற ஒருத்தன் உண்டுன்னு வாதமா தான் ஆரம்பிக்கிறார், நம்புன்னு கட்டளை போட்டு ஆரம்பிக்கல. அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்துல (பிற மதங்கள ஆராயற பகுதி) 14 தரப்புகள எடுத்துக்கிறார், கண்ணால காணறதத்தான் நம்புவேன்ங்கிற உலகாயதன்ல இருந்து ஆரம்பிச்சு, கடவுள ஏத்துக்காத சாங்கியன் உட்பட. ஒவ்வொருத்தரோட மதம் என்னன்னு முதல்ல அவங்க வாய்ல இருந்தே வர்ற மாதிரி எடுத்து சொல்லிட்டு அதுக்கப்புறம் தான் மறுப்பு. இந்த ஒழுங்க நாம தொலைச்சிட்டோம்னு தான் சொல்லணும். நண்பர் சொன்னத நீங்க திருப்பி சொல்லி, அவர் "ஆமா, நான் சொல்றது இதான்"னு ஒத்துக்கிட்ட பிறகு பதில் சொல்ல ஆரம்பிச்சு பாருங்க, சத்தம் தானா குறையும்.

இப்ப நாத்திகர் பக்கத்தோட பலமான இடத்துக்கு வர்றேன், இங்க கொஞ்சம் நின்னு பேசணும். துன்பம். கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிஞ்சவர், நல்லவர்னா இவ்வளவு துன்பம் எப்படி? 1755 நவம்பர் 1, லிஸ்பன்ல பூகம்பம், புனிதர்கள் திருநாள் அன்னிக்கு, சர்ச்சுல ஜனங்க நிறைஞ்சிருந்த நேரம், பல ஆயிரம் பேர் செத்தாங்க, ஐரோப்பாவோட யோசனையவே அது உலுக்கிருச்சு. மனுஷனுக்கு சுதந்திரம் கொடுத்தா அவன் தப்பும் பண்ணுவான், அதனால வர்ற கெடுதலுக்கு கடவுள் பொறுப்பில்லைங்கிற பதில் கொலைக்கும் போருக்கும் ஓரளவு பொருந்தும், பூகம்பத்துக்கு பொருந்தாது. 1979ல வில்லியம் ரோன்னு ஒரு தத்துவ பேராசிரியர் ஒரு மான்குட்டிய உதாரணமா வச்சார். தூரத்து காட்டுல மின்னல் விழுந்து தீப்பிடிக்குது, மான்குட்டி ஒண்ணு மாட்டி கருகி, பல நாள் துடிச்சு சாகுது. எந்த மனுஷனும் பாக்கல, யாருக்கும் பாடம் கிடைக்கல, யாரோட சுதந்திரமும் இதுல சம்பந்தப்படல. இந்த வேதனைய தடுத்திருந்தா எந்த பெரிய நன்மை கெட்டுப் போயிருக்கும்? அப்படி ஒண்ணும் தெரியலைனா, இல்லைனு நினைக்கிறது நியாயம்ங்கிறார். ஆத்திகர் பக்கம் இருந்து வந்த நல்ல பதில், நமக்கு தெரியலைங்கிறதுனால காரணமே இல்லைனு ஆகிடாது, முடிவில்லாத அறிவு உள்ளவரோட காரணம் நமக்கு தெரிஞ்சாகணும்னு எதிர்பாக்கறதே தப்புங்கிறது. பதில் சரிதான், ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. கடவுளோட காரணம் நமக்கு தெரியவே தெரியாதுன்னா, அவர் இத செய்வார், இத செய்ய மாட்டார்னு நாம உறுதியா சொல்ற மத்த எல்லாத்தையும் கூட அதே தராசுல வைக்க வேண்டி வரும்.

கர்மவினைய சொல்றவங்களுக்கு வேற வழி. வேதாந்தத்தோட அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்துலயே ஈசுவரனுக்கு பாரபட்சமும் இல்ல, கொடூரமும் இல்ல, அவரவர் வினைப்படி தான் கொடுக்கிறார்னு பதில் இருக்கு. உடனே எதிர் கேள்வி, வினையே எல்லாத்தையும் பாத்துக்கும்னா கடவுள் எதுக்கு? வினை அறிவில்லாத சடம், அது தானா வந்து யார்கிட்ட எப்ப சேரணும்னு அதுக்கு தெரியாது, கூட்டி வைக்க ஒருத்தன் வேணும்னு சைவ சித்தாந்தமும் நியாயமும் சொல்லுது. வாதமா இது நல்லா தான் நிக்குது. ஆனா குழந்தைய பறிகொடுத்து நிக்கிற ஒருத்தர்கிட்ட இது உங்க போன ஜென்ம வினைன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு தாங்காது. அந்த நேரத்துல "கடவுள் எங்கய்யா போனார்"னு அவர் கேக்குறது வாதம் இல்ல, அதுக்கு எந்த தத்துவமும் பதிலா சொல்லக்கூடாது, கூட உக்காந்திருந்தா போதும். இதே மாதிரி அந்த நேரம் பாத்து "பாத்தியா, உன் சாமி காப்பாத்தலையே"னு சொல்ற நாத்திகரும் அதே கொடுமைய தான் செய்யறார்.

ரோ அந்த கட்டுரையோட கடைசி பகுதியில எழுதினத ரொம்ப பேர் கவனிக்கறதில்ல. நான் நாத்திகன், கடவுள் இல்லைனு நம்ப எனக்கு காரணம் இருக்கு, ஆனா எதிர்ல இருக்கிறவர் கடவுள நம்பறதும் அறிவுக்கு விரோதமானது இல்லைனு நான் ஏத்துக்கலாம்னு சொல்லி அதுக்கு நட்பான நாத்திகம்னே பேர் வச்சார். நமக்கும் இந்தப் பக்கத்துல இருந்து நட்பான ஆத்திகம் வேணும்.

நிரூபிக்கிற பொறுப்பு யாருக்குன்னு ஒரு சண்டை வரும், அதுல ரொம்ப நேரம் போக்க வேண்டாம். இருக்குன்னு சொல்றவர் தான் காட்டணும்னு நாத்திகர் சொல்றது பொதுவா நியாயம். அதே மாதிரி கடவுள் இல்லவே இல்லைனு அடிச்சு சொல்ற நாத்திகருக்கும் பொறுப்பு உண்டு, தெரியாதுனு மட்டும் சொல்றவருக்கு கிடையாது. அனுபவத்துல உணர்ந்தேன்ங்கிறது உணர்ந்தவருக்கு பெரிய விஷயம், அத மத்தவர் மேல சுமத்த முடியாது. ஒழுக்கத்த பத்தின வாதத்துல மட்டும் ஒண்ணு சொல்லணும். கடவுள் இல்லைனா நல்லது கெட்டதே இல்லைனு நாம ஈசியா சொல்லிடறோம், எத்தனையோ நாத்திகர் நம்மள விட நேர்மையா வாழறாங்க, அந்தப் பேச்சு அவமானப்படுத்தற பேச்சு. நிஜமான கேள்வி, நல்லதுக்கு அடிப்படை எதுங்கிறது. ரேடியோ உரையாடல்லயே நல்லது கெட்டத எத வச்சு பிரிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு உணர்ச்சிய வச்சுன்னு ரஸ்ஸல் சொல்றார், அப்ப நாஜிகளோட பெல்சன் வதைமுகாம் கமாண்டருக்கும் அது நல்லதா தானே தெரிஞ்சிருக்கும்னு கோப்பிள்ஸ்டன் விடாம கேக்குறார், அங்க ரஸ்ஸல் கொஞ்சம் திணறறது படிக்கும்போதே தெரியும். முதல் பாதியில அசையாம நின்னவர் இந்த இடத்துல அவ்வளவு உறுதியா இல்லைங்கிறது என் கணிப்பு.

மனசு மாறுமான்னு கேட்டா, மாறின கேஸ் உண்டு, ஆனா மேடையில மாறல. பிரிட்டிஷ் தத்துவவாதி ஆன்டனி ஃப்ளூ, 1950ல ஆக்ஸ்ஃபோர்டு சாக்ரட்டிக் கிளப்ல எது நடந்தாலும் அசையாத நம்பிக்கை எதையுமே சொல்லலைனு ஆத்திகர்கள மடக்கினவர், அரை நூற்றாண்டு நாத்திகத்தோட முக்கிய குரல், 2004ல தன் 81 வயசுல ஒரு மூல அறிவு இருக்குன்னு ஏத்துக்கிறேன்னு சொன்னார். ஆத்திகர் எல்லாம் கொண்டாடினாங்க, ஆனா அவர் ஏத்துக்கிட்டது அரிஸ்டாட்டில் சொன்ன மாதிரி ஒரு கடவுள, பிரார்த்தனைய கேக்குற கடவுள இல்ல, செத்த பிறகு வாழ்வு உண்டுன்னும் அவர் நம்பல. எனக்கு இத விட பெருசா தெரியறது அதே கிளப்ல 1948ல நடந்தது. கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இயற்கைவாதத்த (இயற்கைக்கு மேல எதுவும் இல்லைங்கிற கருத்து) மறுத்து எழுதின வாதத்த தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம்ப் பிரிச்சு போட்டாங்க. அவங்க நாத்திகர் இல்ல, உறுதியான கத்தோலிக்கர். நம்ம பக்கத்து வாதம்ங்கிறதுக்காக ஓட்டை வாதத்த விட்டுற முடியாதுன்னு நின்னாங்க, லூயிஸும் பின்னாடி 1960ல தன் புத்தகத்துல அந்த வாதம் இருந்த அத்தியாயத்த திருத்தி எழுதினார்.

நட்புக்குள்ள இது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா காந்திக்கும் ஆந்திராவோட கோராவுக்கும் நடந்தத பாருங்க. கோபராஜு ராமச்சந்திர ராவ், 1940ல நாத்திக மையம் தொடங்கினவர், தீண்டாமை ஒழிப்புல முழுசா இறங்கினவர். 1944ல காந்தியோட ஆசிரமம் இருந்த சேவாகிராமத்துக்கு போய் காந்திகிட்ட நேரடியாவே கடவுள் நம்பிக்கை தான் மனுஷன விதிய நம்பி சும்மா இருக்க வைக்குதுன்னு வாதாடினார். காந்தி கேட்டார், கோபப்படல, என் ஆத்திகம் சரின்னும் சொல்ல முடியல, உங்க நாத்திகம் தப்புன்னும் சொல்ல முடியல, ரெண்டு பேரும் உண்மைய தேடறவங்கங்கிற மாதிரி பதில் சொன்னார். அதுக்கு பல வருஷம் முன்னாடியே, 1931லயே, சத்தியமே கடவுள்னு சொல்ற இடத்துக்கு தான் வந்ததுக்கு ஒரு காரணம், சத்தியத்த நாத்திகர் கூட மறுக்கறதில்லைங்கிறது தான்னு அவர் விளக்கியிருக்கார். கோரா தன் மகள தலித் இளைஞருக்கு கல்யாணம் பண்ணி வைக்க நினைச்சப்ப, ஆசிரமத்துலயே நடத்தலாம், கடவுள் சாட்சியாங்கிற இடத்துல சத்தியம் சாட்சியான்னு வச்சுக்கலாம்னு காந்தி சம்மதிச்சார். அந்தக் கல்யாணம் காந்தி கொல்லப்பட்ட பிறகு 1948ல சேவாகிராமத்துல நடந்தது. கோரா கடைசி வரைக்கும் நாத்திகர் தான், காந்தி கடைசி வரைக்கும் ராம நாமம் சொன்னவர் தான்.

நீங்க ரெண்டு பேரும் அடுத்த தடவை உக்காரும்போது நேரா வாதத்துல இறங்காம, கோப்பிள்ஸ்டன் ரஸ்ஸல் உரையாடலோட எழுத்து வடிவம் கிடைக்குது, அத சேந்து படிங்க. நீங்க ரஸ்ஸல் சொன்னத வாசிங்க, அவர் கோப்பிள்ஸ்டன் சொன்னத வாசிக்கட்டும். யாருக்கு எந்த வரியில "இத நான் ஏத்துக்க மாட்டேன்"னு தோணுதோ அங்க நிறுத்துங்க. அந்த ஒரு வரிய மட்டும் அன்னிக்கு பேசுங்க, கர்மா, பிக் பேங், கோயில் வருமானம்னு வேற எங்கயும் தாவாதீங்க. அதோட இன்னொரு கேள்வியும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கோங்க: உன் பக்கத்துல எந்த வாதம் உடைஞ்சா உன் நம்பிக்கை நிஜமாவே ஆட்டம் காணும்? எதுவுமே இல்லைனு பதில் வந்தா, அது நீங்க சொன்னாலும் சரி அவர் சொன்னாலும் சரி, அவங்க நம்பிக்கையோட வேர் வாதத்துல இல்ல, வளர்ந்த விதத்துலயோ பட்ட காயத்துலயோ கிடைச்ச ஆறுதல்லயோ இருக்கு. அப்ப வாதத்த மூடி வச்சிட்டு அத பத்தி கேளுங்க, அவர் சொல்லட்டும்.